வேலை, வீடு, வரலாற்று நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் முழுநேர எழுத்தாளர்கள் சொற்பம். பகலில் அலுவலகமோ கடையோ பள்ளிக்கூடமோ இருக்கும். மாலையில் சமையல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பெரியவர்களின் மாத்திரை. பெரும்பாலான வரலாற்று நாவல்கள் இவற்றுக்கு நடுவேதான் எழுதப்படுகின்றன. அப்படி எழுத உட்காருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் அந்தரத்தில் தொங்காமலிருக்க ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொள்கிறோம்: 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். களம், அன்றைய சேலம் ஜில்லா.

முதலில் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தானே எழுதத் தொடங்க வேண்டும்?

வேண்டாம். நாவல்கள் பாதியில் நிற்பதற்கு முதல் காரணமே இந்த எண்ணம்தான். பஞ்சத்தைப் பற்றி மட்டும் அரசு அறிக்கைகள், ஜில்லா மேனுவல்கள் (ஒவ்வொரு ஜில்லாவின் விவரங்களையும் தொகுத்த அரசு நூல்கள்), பத்திரிகைச் செய்திகள், மிஷனரிக் கடிதங்கள், கும்மிப் பாட்டுகள் என்று பத்தாண்டு படிக்கலாம். படிக்கிற சுகம் எழுதுகிற வலியைவிடப் பெரியது என்பதால், ஆராய்ச்சி என்ற பெயரிலேயே எழுத்து தள்ளிப்போய்க்கொண்டிருக்கும்.

ஆறு வாரம் பொதுவாகப் படியுங்கள். அதில் ஒரு காலவரிசைத் தாள், ஒரு வரைபடம், பாத்திரங்கள் என்ன சாப்பிட்டார்கள், எதில் சம்பாதித்தார்கள், யாருக்கு வரி கட்டினார்கள் என்ற மூன்று பக்கக் குறிப்பு, இவ்வளவும் தேறிவிடும். ஏழாவது வாரம் முதல் அத்தியாயத்தைத் தொடங்கிவிடுங்கள். அதன்பின் எழுதுகிற காட்சி எதைக் கேட்கிறதோ அதை மட்டும் தேடினால் போதும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருந்தால் நாவல் முடியும்?

கணக்குப் போட்டுவிடுவோம். வார நாட்களில் நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், ஒவ்வொன்றிலும் 250 சொல். வாரத்துக்கு ஆயிரம். அச்சில் பக்கத்துக்குச் சுமார் 200 சொல் என்று வைத்தால், 300 பக்க நாவலுக்கு 60,000 சொல் வேண்டும். அறுபது வாரம். காய்ச்சல், கல்யாணம், அலுவலகத் தணிக்கை எல்லாம் சேர்த்தால் முதல் வரைவுக்கே ஒன்றரை ஆண்டு ஆகும். திருத்தத்துக்கு இன்னும் ஆறேழு மாதம்.

வாரத்தில் ஏழு நாளும் எழுதுவேன் என்று சபதம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். நான்கு நாள் என்று வைத்தால், ஒரு நாள் தவறினாலும் வெள்ளிக்கிழமை ஈடுகட்டிவிடலாம்.

காலையில் எழுதுவதா, இரவிலா?

எழுத்துக்குத் தெளிந்த மூளை வேண்டும். ஆராய்ச்சியின் பெரும்பகுதியை அரைத் தூக்கத்திலும் செய்யலாம். எனவே தெளிவான பொழுது எதுவோ அது எழுத்துக்கு, மிச்சம் ஆராய்ச்சிக்கு. பலருக்கு அது விடியற்காலை. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருப்பவருக்கு முற்பகல் பதினொரு மணியாக இருக்கலாம்.

கிடைக்கும் நேரத்தின் அளவுக்கேற்ப வேலையை முன்கூட்டியே வெட்டி வைத்திருப்பது இதைவிட முக்கியம். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் இருபது நிமிடத்தில் அத்தியாயம் எழுத முடியாது. காப்பகத்தில் எடுத்த ஆவணப் படங்களுக்குப் பெயர் வைக்கலாம், ஒரு தேதியைச் சரிபார்க்கலாம், நேற்றைய பக்கத்தைச் சத்தமாகப் படிக்கலாம். இரண்டு மணி நேரம் வாய்த்தால் ஒரு மூலத்தை ஊன்றிப் படித்துக் குறிப்பெடுக்கலாம். முழு நாள் கிடைத்தால் ஆவணக் காப்பகம். இந்த மூன்று பட்டியலையும் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். நேரம் கிடைத்ததும் 'என்ன செய்யலாம்' என்று யோசிப்பதிலேயே பாதி போய்விடும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு தகவல் தெரியாமல் முட்டினால்?

நிறுத்தாதீர்கள். சதுர அடைப்புக்குறிக்குள் கேள்வியைப் போட்டுவிட்டு நகருங்கள். இப்படி:

"கங்காணி அளந்து போட்டதை முந்தானையில் வாங்கிக்கொண்டாள். [ராகியா, அரிசியா? பெண்ணுக்கு எவ்வளவு?] கையில் விழுந்த காசை எண்ணிப் பார்க்கவில்லை. [அணாவா, தம்படியா?]"

இரவில் கோப்பில் '[' குறியைத் தேடினால் அன்றைய கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பதில் மாறினால் காட்சியே கவிழ்ந்துவிடும் என்றால், எழுதும் முன்பே பாருங்கள். மகன் ரங்கூனிலிருந்து மணியார்டர் அனுப்பியதால் குடும்பம் பிழைத்தது என்று 1877-இல் ஓர் அத்தியாயம் கட்டினால் அது அத்தனையும் வீண். இந்திய அஞ்சல் துறையில் மணியார்டர் வந்தது 1880-இல்தான்.

குறிப்புகளை எப்படி வைத்துக்கொள்வது? எழுதியது எங்கே என்றே தெரியவில்லை.

நேரமில்லாதவருக்கு உண்மையான எதிரி இதுதான். மூன்று மாதத்துக்கு முன் படித்த ஒரு வரியைத் தேடி ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போவது. நோட்டுப் புத்தகம், அட்டை, கணினி விரிதாள் எதுவானாலும் ஒரு குறிப்பில் ஐந்து பகுதி இருக்க வேண்டும்: தேதி, செய்தி, மூலமும் பக்கமும், எந்தக் காட்சிக்கு, எவ்வளவு நம்பலாம். மாதிரி:

1877 மார்ச் / கூலித் தானியம் ஒரு பவுண்டிலிருந்து ஒன்றேகால் பவுண்டாகிறது, கூடவே ஒன்றரை அவுன்ஸ் பருப்பு / நூல், தொகுதி, பக்கம் / ஏழாம் அத்தியாயம், கங்காணி அளக்கும் இடம் / நம்பகம் அ

'எந்தக் காட்சிக்கு' என்ற நான்காவது பகுதியை விட்டுவிடுவார்கள். அதுதான் உயிர். அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் தோன்றவில்லையா? குறிப்பே வேண்டாம், தாண்டிப் போங்கள். நம்பகத்துக்கு மூன்று எழுத்துப் போதும். அன்றைக்கே எழுதிய ஆவணம் 'அ', பிற்கால ஆய்வு நூல் 'ஆ', செவிவழியும் இணையமும் 'இ'. 'இ' மட்டும் இருக்கும் செய்தியின்மேல் திருப்புமுனை எதையும் கட்டாதீர்கள்.

மூலத்தின் சொற்களை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால் ஓராண்டு கழித்து அது உங்கள் வாக்கியமா அவருடையதா என்று உங்களுக்கே தெரியாது. திருட்டுப் பழி பெரும்பாலும் இந்தச் சோம்பலில்தான் தொடங்குகிறது.

படக் கோப்புகளுக்கு ஆண்டு-மாதம்-நாள் என்று எண்ணில் தொடங்கிப் பெயர் வையுங்கள். அவை தாமே காலவரிசையில் நின்றுகொள்ளும்.

ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும். அதற்குள் ஆவணக் காப்பகத்தில் என்ன செய்ய முடியும்?

எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். பழைய சென்னை மாகாண அரசின் கோப்புகள் அங்கேதான். தயாராகாமல் போனால் ஒரு நாளில் ஒரு கட்டைக்கூடப் பார்க்காமல் திரும்பலாம். ஏனென்றால், புத்தகக் கடைபோல அலமாரியில் துழாவ முடியாது. அந்த ஆண்டின் அட்டவணைத் தொகுதியில் பொருளைத் தேடி, துறை, அரசாணை எண், தேதி மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் உள்ளேயிருந்து கட்டு வரும். வருவதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம்.

ஆகவே பாதி வேலை வீட்டிலேயே நடக்க வேண்டும். அச்சான அறிக்கைகளின் அடிக்குறிப்பில் அரசாணை எண்ணும் தேதியும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எட்டுப் பத்து கொண்ட பட்டியல் போடுங்கள், முக்கியமானது மேலே. பஞ்சத்துக்கு ரெவின்யூ துறை நடவடிக்கைகளும் ரெவின்யூ போர்டின் நடவடிக்கைகளும் முதலில் பார்க்க வேண்டியவை. விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும், அறிமுகக் கடிதம் கேட்பார்களா, படம் எடுக்க அனுமதியும் கட்டணமும் எப்படி என்பதை ஒரு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். விதிகள் மாறும். போன வருஷம் போனவர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

அன்று காலை திறக்கும்போதே வாசலில் இருங்கள். முதல் சீட்டுகளைக் கொடுத்துவிட்டு, கட்டு வரும்வரை அட்டவணையிலேயே அடுத்த பட்டியலைத் தயாரியுங்கள். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதித் தாள்கள் பழுத்து ஓரம் உதிரும். இரு கையாலும் திருப்புங்கள், எச்சில் விரல் கூடவே கூடாது. தூசு ஒத்துக்கொள்ளாதவர் முகக்கவசம் எடுத்துச் செல்லலாம். படம் எடுக்க அனுமதி இருந்தால், முதலில் கட்டின் முகப்புத் தாளை எடுங்கள். அது இல்லாமல் வீட்டுக்கு வந்த நூறு படங்கள் நூறு அநாதைகள்.

அங்கே உட்கார்ந்து முழுக்கப் படிக்க ஆரம்பிப்பதும் ஒரு தவறு. அந்த நாள் சேகரிக்க. படிப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். திரும்பும் ரயிலிலோ பேருந்திலோ 'என்ன பார்த்தேன், என்ன இல்லை, அடுத்த முறை எது' என்று ஒரு பக்கம் எழுதிவிடுங்கள். அன்றிரவே எழுதாதது மறுநாள் அலுவலகத்தில் கரைந்துவிடும்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அதில் நான்குக்கு மேல் காப்பகத்துக்குச் செலவிடாதீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.

வீட்டிலிருந்தே எவ்வளவு தூரம் போகலாம்?

நிறையவே. 19ஆம் நூற்றாண்டு ஜில்லா மேனுவல்கள் பலவும் இணையத்தில் வருடி (ஸ்கேன் செய்து) கிடைக்கின்றன. சேலத்துக்கு லெ ஃபானு தொகுத்த மேனுவல் 1883-இல் வந்தது. பஞ்சத்துக்கு வில்லியம் டிக்பி 1878-இல் எழுதிய இரண்டு தொகுதிகளும், பஞ்சக் கமிஷனின் 1880 அறிக்கையும் உண்டு. தமிழ் அச்சு நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களுக்கு 'நூலகம்' என்ற இணைய நூலகத் திட்டம். நேரில் போக முடிந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு 1994-இல் உருவானது. பழைய தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் அங்கே முதலில் தேடலாம்.

வருடிய தமிழ் நூல்களை எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) போட்டுத் தேடும்போது ஓர் எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, றா போன்றவை பழைய வடிவில் இருக்கும். எழுத்துணரி அவற்றைக் கண்டபடி வாசிக்கும். 'தேடினேன், இல்லை' என்று முடிவுகட்டும் முன் பொருளடக்கத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேதிகளில் குழம்பிப்போகிறேன். தாது, பசலி, கொல்லம்...

குழம்பாதவர் இல்லை. ஒரு தாளில் இவற்றை எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள்.

அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாது பத்தாவது. அது 1756, 1816, 1876, 1936, 1996-இல் வந்தது. ஓலையிலோ பாட்டிலோ வெறும் 'தாது வருஷம்' என்று இருந்தால் எந்தச் சுற்று என்று வேறு சான்றால்தான் நிறுவ வேண்டும். தாது 1876 ஏப்ரல் நடுவில் பிறந்து அடுத்த ஏப்ரலில் முடிந்தது. அந்த ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்தது. ஆனால் பஞ்சம் தாதுவோடு நிற்கவில்லை. 1877 ஏப்ரலுக்குப் பின் நடந்ததெல்லாம் ஈஸ்வர வருஷம். உங்கள் கிழவி 1877 ஆகஸ்டில் நின்றுகொண்டு 'இந்தத் தாது வருஷத்திலே' என்று சொன்னால் அது பிழை. இருபது வருடம் கழித்து நினைத்துப் பார்த்து 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொன்னால் சரி. ஊர் வாயில் பெயர் அப்படித்தான் நின்றது.

வரிக் கணக்கெல்லாம் பசலி என்ற வருவாய் ஆண்டில் இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு. பசலி 1286 என்றால் 1876 ஜூலை முதல் 1877 ஜூன் வரை. தமிழ் ஆண்டு ஏப்ரலில் பிறப்பதால் ஒரே தாது வருஷம் இரண்டு பசலியில் விழும். இதைக் கவனிக்காமல் வரித் தள்ளுபடியை ஓராண்டு முன்னே கொண்டுபோய்விடுவது வழக்கமான தவறு. திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் டிசம்பர் வரைக்கு 824, ஜனவரி முதல் ஆடி வரைக்கு 825 கூட்டுங்கள்.

தேதியோடு கிழமையோ திதியோ தந்திருந்தால் சரிபார்க்க வழி இருக்கிறது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் பஞ்சாங்க அட்டவணைகள் கி.பி. 700 முதல் 1999 வரை போகின்றன. நிலா வெளிச்சத்தில் தானியக் கிடங்கைக் கொள்ளையடிக்கும் காட்சியை எழுதும் முன் அன்று அமாவாசையா என்று பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும்.

18ஆம் நூற்றாண்டுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதியதில். பிரெஞ்சுத் தளபதி லபூர்தனே சென்னைக் கோட்டையைப் பிடித்த நாள் ஆங்கிலக் கணக்கில் 1746 செப்டம்பர் 10, புதுச்சேரிக் கணக்கில் செப்டம்பர் 21. இரண்டு பக்க ஆவணத்தையும் கலந்து எழுதினால் தூதன் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்திருப்பான்.

காலப்பிழையை எப்படித் தவிர்ப்பது?

பெரிய சம்பவங்களில் யாரும் தவறுவதில்லை. சாமான்களில்தான் மாட்டிக்கொள்வார்கள். நாவலின் ஆண்டைத் தலைப்பில் எழுதி, அதன் கீழே 'இன்னும் வராதவை' என்று ஒரு பட்டியல் போடுங்கள். 1877-க்கு அது இப்படி இருக்கும்:

தபால் கார்டு இல்லை, 1879 ஜூலையில்தான் வந்தது. 'தி இந்து' 1878 செப்டம்பரில் வார இதழாகத் தொடங்கியது, 'சுதேசமித்திரன்' 1882-இல். ஆகவே பஞ்சம் உச்சத்தில் இருந்தபோது உங்கள் குமாஸ்தா இரண்டையும் படித்திருக்க முடியாது. பிழைப்புத் தேடிப் பட்டணம் வருபவர் எழும்பூர் ரயில் நிலையத்தின் செங்கல் கும்மட்டத்தைப் பார்க்க மாட்டார், அந்தக் கட்டடம் 1908. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கோபுரமும் இல்லை, அது 1892. ஆனால் ராயபுரத்திலிருந்து 1856-இலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது, அது தாராளம். காவிரியில் மேட்டூர் அணை 1934-இல். முல்லைப் பெரியாறு 1895-இல், எனவே மதுரைப் பக்கப் பாத்திரங்களுக்கு அந்தத் தண்ணீரும் இல்லை. இந்தியப் பொது நேரம் 1906 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் சென்னை நேரம், இன்றைய கடிகாரத்தைவிட ஒன்பது நிமிடம் பின்னால். மாவட்டம் என்று யாரும் சொல்லவில்லை, ஜில்லாதான். அந்த ஜில்லாவுக்குள் தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் எல்லாம் அடங்கும்.

பின்னோக்கிப் போகப் போகப் பட்டியல் நீளும். சோழர் காலத்துச் சமையலறையில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை எதுவும் கிடையாது. சன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப்போன சொற்கள். சாளரம், திறவுகோல் என்று எழுதிப் பழக வேண்டும்.

விலைவாசியில் தனியாக ஒரு பொறி. அக்கால அறிக்கைகள் பெரும்பாலும் மூட்டை இத்தனை ரூபாய் என்று சொல்லாமல், ரூபாய்க்கு இத்தனை சேர் அல்லது பவுண்டு என்று சொல்கின்றன. எண் குறைந்தால் விலை ஏறியிருக்கிறது. அவசரமாகப் பார்த்து 'விலை பாதியாகச் சரிந்தது' என்று பஞ்சத்தின் நடுவே எழுதிவிடுவார்கள். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. படியின் அளவு ஊருக்கு ஊர் வேறு. எந்தப் படி என்று மூலம் சொல்லாவிட்டால் எண்ணைத் தவிர்த்து 'தலையைத் தட்டி ஒரு படி' என்று எழுதித் தப்பித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மூலங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எதை நம்புவது?

நாவலாசிரியருக்கு முரண்பாடு வரம். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், அது உடலைத் தாங்காது, குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் காய்கறியும் புரதமும் வேண்டும் என்றார். மார்ச்சில் மாகாண அரசு நடுவழிக்கு வந்தது. மேலே மாதிரிக் குறிப்பில் இருந்தது அந்த அளவுதான்.

இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வாளர் வேலை. தாளில் ஒரு பவுண்டு என்று இருப்பது முந்தானையில் விழும்போது எவ்வளவு, நடுவில் யார் கை வைத்தார்கள் என்பது உங்கள் வேலை. எண்ணிக்கைகளிலும் இதே கவனம் வேண்டும். சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 1871-இல் சுமார் 19.67 லட்சம், 1881-இல் சுமார் 16 லட்சம். இந்த 3.67 லட்சம் அத்தனையும் சாவு என்று எழுதிவிடக் கூடாது. ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமல் போன குழந்தைகள் எல்லாம் அந்தக் கழித்தலுக்குள் இருக்கிறார்கள்.

அரசு ஆவணத்தில் கூலி வாங்கியவரின் குரல் இருக்காது. அதற்குக் கும்மி, சிந்து, ஒப்பாரி, ஊர்ப்பெயர் பக்கம் போக வேண்டும். சிவகங்கைப் பக்கத்து வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்' பஞ்சத்தை அங்கதமாகப் பாடியது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை இன்னும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அந்தப் பெயர் 1780களின் பஞ்சத்தில் அங்கே ஊற்றிய கஞ்சியிலிருந்து வருகிறது. பேரப்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்திருக்கும் வாய்மொழியைப் பதிவு செய்யும்போது, 'பஞ்சம் பற்றிச் சொல்லுங்க' என்று கேட்டால் யாருக்கும் வாய் திறக்காது. 'தானியக் குதிர் எந்த மூலையில் இருந்துச்சு, எதை வித்தாங்க' என்று பொருளைக் காட்டிக் கேளுங்கள்.

பேச்சு மொழியை எந்த அளவு பழசாக எழுதுவது?

வாசகர் அகராதியைத் தேடாத அளவு. அக்காலச் சொல்லை இடம்பார்த்துத் தூவுங்கள்: கர்ணம், மணியக்காரர், தாசில்தார், கச்சேரி, ஜமாபந்தி. பிற்காலச் சொல் ஒன்று நுழையாமல் பார்ப்பது, பத்துப் பழைய சொல்லைத் திணிப்பதைவிட முக்கியம்.

குடும்பத்தில் இதை எப்படிச் சமாளிப்பது? 'சும்மா உட்கார்ந்திருக்கிறாள்' என்கிறார்கள்.

வெளியே தெரியாத வேலைக்கு வீட்டில் மரியாதை இல்லை. அதிலும் பெண் எழுதினால் அது எப்போதும் ஒத்திவைக்கத் தக்க காரியமாகத்தான் தெரியும். 'எனக்கு நேரம் வேண்டும்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் தர மாட்டார்கள். 'செவ்வாய், வியாழன் காலை ஐந்தேகாலிலிருந்து ஆறு வரை. பால் வாங்குவது அன்று உன் பொறுப்பு' என்று சொன்னால் பேச்சு நடக்கும். நாளும் மணியும் மாற்று ஏற்பாடும் சேர்ந்தே இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு எழுந்துவிடுவதும் அதே அளவு முக்கியம். ஆறு என்று சொல்லிவிட்டு ஏழேகால் வரை உட்கார்ந்தால் அடுத்த வாரம் அந்த நேரமே இருக்காது.

ஆண்டை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. வார இறுதிகள் பத்திரிகை வைக்க வருபவர்களிடமிருந்து தப்பும். (மார்கழிக் காலை மட்டும் கோலம் போடுபவருக்குச் சொந்தமில்லை.) ஆவணியும் தையும் போனதுதான். பிள்ளைகளின் பொதுத்தேர்வு இருந்தால் மார்ச்சை எழுத்துக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அந்த மாதங்களுக்கு இருபது நிமிட வேலைகளை ஒதுக்குங்கள்.

மூன்று மாதம் விட்டுப்போய்விட்டது. எப்படித் திரும்புவது?

முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். திருத்தத் தோன்றும், அதிலேயே முடங்கிவிடுவீர்கள். கடைசி இரண்டு அத்தியாயத்தை மட்டும் படித்து, அவற்றைக் கையால் அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதுங்கள். மூன்றாம் நாள் ஏதாவது ஒரு சிறு காட்சி, நூறு சொல், வரிசையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இனிமேல் ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் அடுத்து என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் இந்த மூன்று நாளும் தேவைப்பட்டிருக்காது.

அரசு வேலையில் இருக்கிறேன். அனுமதி வாங்க வேண்டுமா?

மத்திய அரசு ஊழியர்களின் 1964 நடத்தை விதிகள், முழுக்க இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்த வெளியீட்டுக்கு முன் அனுமதி கேட்பதில்லை. மாநில அரசு, வங்கி, பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு, உங்களுடையதை எடுத்துப் படித்துவிடுங்கள். அலுவலகக் கோப்பில் பார்த்ததை எழுதுவது வேறு விஷயம், அது எந்த விதியிலும் ஆகாது.

ஆராய்ச்சியை எப்போது நிறுத்துவது?

புதிதாகப் படிக்கும் மூன்று மூலங்களில் தொடர்ந்து புதுச் செய்தி எதுவும் காட்சிக்குள் வரவில்லையென்றால் அந்தப் பொருளை மூடிவிடலாம். முதல் வரைவு முடிந்ததும் அடைப்புக்குறிகளை எண்ணிப் பாருங்கள். நூறு இருக்கிறதென்றால், பொதுவாக முப்பதைத் தேடாமலே வாக்கியத்தை மாற்றித் தீர்த்துவிடலாம், ஐம்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம், மிச்சத்துக்குத்தான் காப்பகம்.

சேகரித்ததில் பத்தில் எட்டு நாவலுக்குள் போகாது. போகவும் கூடாது. கங்காணி தானியம் அளக்கும்போது டெம்பிளின் நியமன வரலாற்றை அரைப் பக்கம் சொல்வது, உழைத்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசை. மிஞ்சியதைக் கட்டுரையாக்குங்கள்.

பழைய படங்களையும் நீண்ட மேற்கோள்களையும் சேர்க்கலாமா?

இந்தியச் சட்டப்படி, நூல்களுக்கு ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு வரை உரிமை. அரசு வெளியீடுகளுக்கு வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு அந்தத் தடை இல்லை. 1877 அறிக்கையோ படமோ சிக்கலற்றது. ஆனால் அதை வருடி வைத்திருக்கும் அருங்காட்சியகம் தன் கோப்புக்கு நிபந்தனை வைத்திருக்கலாம், எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பதிப்பாளரிடம் எப்போது கொடுப்பது?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்காக நவம்பர், டிசம்பரில் எல்லாப் பதிப்பகத்திலும் ஓட்டம். அக்டோபரில் கொடுத்த கைப்பிரதியை யாரும் ஊன்றிப் படிக்க மாட்டார்கள், மெய்ப்பும் ஒரே இரவில் வரும். வரலாற்று நாவலில் எண்ணும் பெயரும் அதிகம் என்பதால் அந்த ஒரே இரவு ஆபத்து. ஜூலைக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் உரிமையை ஐந்து ஆண்டுக்கும் இந்தியாவுக்குள்ளும் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளும். மின்னூல், ஒலிநூல், திரை உரிமை ஒவ்வொன்றும் தனித்தனி வரி.

கைப்பிரதியை ஒருங்குறியில் (யூனிகோடில்) கொடுங்கள். பக்கம் வடிவமைப்பவர் வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஸ்ரீ, ஃ, கொம்புக்கால் சேர்ந்த எழுத்துகள், ¼ போன்ற பின்னங்கள் உடையும். மெய்ப்பு வந்ததும் கதையைப் படிக்கும் முன், எண்களையும் ஆண்டுகளையும் மட்டும் உங்கள் குறிப்புத் தாளோடு வைத்து ஒருமுறை ஓட்டுங்கள். அதற்கு வீட்டில் ஒருவரை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, நீங்கள் தாளைப் பாருங்கள். 300 பக்கத்துக்கு இரண்டு மாலை போதும்.